ஹெட் கேஸ்கெட் மாற்றிய பிறகும் கூலன்ட் குறைகிறதா? ஹெட்டை மறுபடி இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி சுருக்கமாக இது: 2006 மாடல் மாருதி 800. குன்னூர் மலை ஏறும்போது சூடாகி ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் அடிப்பாகமான பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) போய்விட்டது. ஹெட்டை லேத் பட்டறையில் கொடுத்து ஃபேசிங் செய்து (முகத்தைச் சமமாக இழைத்து), புது கேஸ்கெட் போட்டாகிவிட்டது. வண்டி நன்றாக ஓடுகிறது, டெம்பரேச்சர் முள்ளும் நடுவைத் தாண்டவில்லை. ஆனால் இரண்டு வாரமாக இரண்டு நாளைக்கு ஒருமுறை கால் லிட்டர் கூலன்ட் ஊற்ற வேண்டியிருக்கிறது. தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. "கேஸ்கெட் சரியா உட்காரலை, ஹெட்டை இன்னொரு தடவை இறக்கணும்" என்கிறார் மெக்கானிக். இறக்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். மெக்கானிக் சொல்வது தவறு என்று நான் சொல்லவில்லை, சரியாகவும் இருக்கலாம். ஆனால் அவர் அதைச் சோதித்துப் பார்த்துச் சொன்னதாகத் தெரியவில்லை. ஹெட்டை இறக்குவது என்றால் கேஸ்கெட் ஒன்றை மட்டும் மாற்றும் வேலை இல்லை. ரேடியேட்டரின் மேல் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ்கள், இன்டேக் மேனிஃபோல்டு (என்ஜினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த்தொகுதி), தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) மூடி என்று தண்ணீர் ஓடும் பாதையில் பத்துப் பன்னிரண்டு இணைப்புகளையும், கூடவே ஃபேன் பெல்ட்டையும் கழற்றி மாட்ட வேண்டும். அவற்றில் புதிது என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் அந்தக் கேஸ்கெட் ஒன்றுதான். மற்றதெல்லாம் பதினைந்து இருபது வருடப் பழசு, ஒருமுறை பிடுங்கி மறுபடி செருகியது. எது ஒழுக வாய்ப்பு அதிகம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருடம் முன்பு இதே நிலைமையில் யார் சொன்னதையும் கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஹெட்டை இரண்டாம் முறை இறக்கினேன். கேஸ்கெட் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. லீக் இருந்தது மேனிஃபோல்டுக்கு அடியில் ஒரு விரல் நீளக் குட்டி ஹோஸில். அது என்ஜின் மேலேயே சொட்டி, அங்கேயே ஆவியாகிக்கொண்டிருந்தது. ஒரு கேஸ்கெட் செலவும் ஒரு ஞாயிறும் போனது.

சரி, வரிசையாகப் பார்ப்போம்.

முதலில், உண்மையிலேயே ஒழுகுகிறதா? கூலன்டை முழுக்க வடித்துவிட்டு மறுபடி நிரப்பும்போது ஹெட்டிலும் ஹீட்டரிலும் காற்று தங்கிவிடும். அடுத்த சில நாட்களில் அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற, அந்த இடத்துக்குக் கூலன்ட் இறங்கும், மட்டம் குறையும். வேலை முடிந்த முதல் மூன்று நான்கு ஓட்டத்துக்கு இது சகஜம். இரண்டு வாரம் நீடிக்காது. ஆனாலும் காற்றை ஒழுங்காக எடுத்தார்களா என்பது தெரியாததால், ஒருமுறை நீங்களே எடுத்துவிடுங்கள். வண்டியின் மூக்கு மேடாக இருக்கும்படி சரிவில் நிறுத்துங்கள். என்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து கழுத்து வரை ஊற்றுங்கள். ஹீட்டர் இருந்தால் அதன் குமிழை முழுச் சூட்டில் வையுங்கள். ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை ஓடி நின்றதும் மூடியைப் போடுங்கள். இதையெல்லாம் ஆறிய என்ஜினில் மூடியைத் திறந்துதான் தொடங்க வேண்டும். ஓடிவந்த சூட்டில் திறந்தால் முகம் வெந்துபோகும்.

அப்புறம் ஓவர்ஃப்ளோ டப்பாவில் மட்டம் நிற்கும் இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். தினம் காலையில், ஸ்டார்ட் செய்யும் முன், டப்பாவையும் ரேடியேட்டர் கழுத்தையும் இரண்டையுமே பாருங்கள். பலர் டப்பாவை மட்டும்தான் பார்க்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை விளங்கும். டப்பாவில் மட்டம் ஏறியிருந்து ரேடியேட்டரில் குறைந்திருந்தால், கூலன்ட் எங்கும் போகவில்லை, சூட்டில் டப்பாவுக்குப் போனது ஆறும்போது திரும்பவில்லை, அவ்வளவுதான். ரேடியேட்டர் மூடிக்குள் இரண்டு வால்வு இருக்கிறது. பெரியது அழுத்தம் மிஞ்சும்போது திறந்து டப்பாவுக்கு அனுப்பும். நடுவில் இருக்கும் சின்ன வட்டத் தகடு, ஆறும்போது திறந்து டப்பாவிலிருந்து திரும்ப இழுத்துக்கொள்ளும். அந்தச் சின்னது அடைத்துக்கொண்டாலும், டப்பாவுக்குப் போகும் மெல்லிய குழாயில் வெடிப்பு இருந்தாலும் இதுதான் நடக்கும். காலையில் மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடந்தால் மூடிதான் காரணம் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

இந்த மூடியை எல்லோரும் அற்பமாக நினைக்கிறார்கள். அதன் தலையில் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருக்கும். அது சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோ அழுத்தத்தில் திறக்கும் என்ற கணக்கு. 0.9 அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். அழுத்தம் பிடிக்காத மூடியோடு 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டிக்குப் போனால் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், அதாவது ஃபேன் ஓடத் தொடங்கும் முன்பே. மலை ஏறும்போது உங்கள் வண்டி சூடானதற்கு ஆரம்பக் காரணமே மூடியாக இருந்திருக்கலாம். கேஸ்கெட் மாற்றியபோது மூடியை மாற்றினார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால், அதே அழுத்த எண் உள்ள புது மூடி ஒன்று வாங்கிப் போடுங்கள். மொத்த வேலையில் மலிவான பொருள் அதுதான்.

இரண்டு மட்டமும் குறைகிறதென்றால் லீக் நிஜம். அடுத்தது பிரஷர் டெஸ்ட். உங்கள் மெக்கானிக் இதைச் செய்யாமல் ஹெட்டை இறக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் மாட்டுகிற, மீட்டர் வைத்த ஒரு கைப்பம்ப், அவ்வளவுதான் அந்தக் கருவி. தெருமுனைப் பட்டறையில் இருக்காது, கம்பெனி சர்வீஸ் சென்டர்களிலும் நல்ல ரேடியேட்டர் கடைகளிலும் இருக்கும். ஆறிய என்ஜினில் கழுத்து வரை கூலன்ட் நிரப்பி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை மட்டும் பம்ப் செய்ய வேண்டும். 0.9 என்றால் சுமார் 13 பி.எஸ்.ஐ. அதற்கு மேல் போனால் நல்ல ரேடியேட்டரும் கிழியக்கூடும். இருபது நிமிடம் விடுங்கள். முள் இறங்கினால் எங்கோ போகிறது. டார்ச்சும் பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியும் வைத்துத் தேடுங்கள். என்ஜின் ஆறியிருப்பதால் கசிவது ஆவியாகாது, ஈரம் ஈரமாகவே கண்ணில் படும். தரையில் சொட்டாதது ஏன் என்ற உங்கள் குழப்பத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஓடும் வண்டியில் கசிவது சூடான இரும்பில் பட்டு உடனே ஆவியாகிவிடுகிறது. பச்சையாகவோ வெள்ளையாகவோ உப்புப் படிந்த தடம் மட்டும் மிஞ்சும். அந்தத் தடத்தைத் தேடுங்கள்.

ஆறிய நிலையில் முள் அசையாமல் நின்றால், வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்கி, ஆற விட்டு மூடியைக் கவனமாகத் திறந்து, வெதுவெதுப்பு இருக்கும்போதே இன்னொரு முறை செய்யுங்கள். சில லீக் குளிரில் மட்டும் தெரியும். பழைய ரப்பர் ஹோஸ் காலையில் விறைத்திருக்கும்போது கிளிப்பை ஒட்டிக் கசியும், சூடானதும் இளகி அடைத்துக்கொள்ளும். வேறு சில இரும்பு விரிந்தால்தான் திறக்கும். ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டில் அலுமினியம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தினம் இழுபடுவதுதான் கேஸ்கெட்டின் பிழைப்பு. ஒரு சோதனையில் தேறியதை வைத்து முடிவுக்கு வர முடியாது என்பது அதனால்தான்.

எங்கே தேடுவது? நான் தேடும் வரிசையைச் சொல்கிறேன். முதலில் வேலையின்போது கை பட்ட இடங்கள். மேல் ஹோஸ் கிளிப்பைப் பழைய தழும்பிலேயே உட்கார வைத்தார்களா, அல்லது அரை சென்டிமீட்டர் தள்ளி மாட்டி முடுக்கினார்களா என்று பாருங்கள். தள்ளி மாட்டினால் கசியும். ஹோஸைக் கழற்றி அது உட்காரும் அலுமினியக் கழுத்தையும் பாருங்கள். போர்வெல் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டிகளில் அந்தக் கழுத்து அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்திருக்கும். எந்தக் கிளிப் போட்டாலும் நிற்காது. அடுத்து தெர்மோஸ்டாட் மூடி. மெல்லிய காகித கேஸ்கெட் போட வேண்டிய இடத்தில் சிலிக்கான் பேஸ்டை அப்பியிருந்தால் வெளியே பிதுங்கியிருப்பது தெரியும். வெளியே பிதுங்கிய அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும், அது உடைந்து ரேடியேட்டர் குழாய்க்குள் போய் அடைக்கும் என்பது தனிக் கவலை.

இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த என்ஜினில் மேனிஃபோல்டுக்குள்ளும் தண்ணீர் ஓடுகிறது. அந்தக் கேஸ்கெட் சரியாகப் பிடிக்காவிட்டால் கூலன்ட் காற்றுப் பாதைக்குள் போய், பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து, சைலன்சரில் வெள்ளைப் புகையாக வரும். தரையில் சொட்டாது. பார்க்க ஹெட் கேஸ்கெட் போனது மாதிரியே இருக்கும். இதை நம்பி ஹெட்டை இறக்கியவர்கள் நிறையப் பேர். மேனிஃபோல்டு நட்டுகளை ஒருமுறை சீராக முடுக்கிப் பார்ப்பதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது.

கை படாத இடங்களிலும் லீக் வரலாம், அதுவும் வேலை முடிந்த பிறகே வரலாம். வெளிப்பக்கம் கசிந்துகொண்டிருந்த பழைய கேஸ்கெட்டோடு ஓடிய வண்டியில் முழு அழுத்தம் நின்றிருக்காது. இப்போது புது கேஸ்கெட் பிடித்துக்கொண்டதும் அந்த அழுத்தம் முழுவதும் பழைய ரேடியேட்டர் மேலும் வாட்டர் பம்ப் மேலும் விழுகிறது. எது பலவீனமோ அது வாயைத் திறக்கிறது. வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. உள்ளே இருக்கும் சீல் போய்விட்டால் தெரியட்டும் என்றுதான் அந்தத் துளையே வைத்திருக்கிறார்கள். அங்கே ஈரமோ துருக்கறையோ இருந்தால் பம்ப் முடிந்தது என்று அர்த்தம். ஃபேன் பெல்ட்டைக் கழற்றி முன்பைவிட இறுக்கமாக மாட்டியிருந்தால் கிழட்டு பம்ப் இப்படித்தான் பழிவாங்கும். பிளாக்கின் பக்கவாட்டில் அடித்து இறக்கிய வட்டத் தகடுகளையும் பாருங்கள், துருப்பிடித்து ஊசித் துளை விழும். ஹீட்டர் உள்ள வண்டியானால் டாஷ்போர்டுக்கு அடியில் கால்மிதி விரிப்பைத் தூக்கித் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பான ஈரம், கண்ணாடியில் எண்ணெய் படிந்தது போன்ற புகைமூட்டம், லேசான இனிப்பு வாசனை, மூன்றில் ஒன்று இருந்தாலும் ஹீட்டர் உள்ளே ஒழுகுகிறது.

வெளியே எங்கும் இல்லை, ஆனால் பிரஷர் மீட்டர் மட்டும் இறங்குகிறது என்றால் இனி உள்ளே பார்க்கலாம்.

பிரஷர் டெஸ்டரை மாட்டி அழுத்தத்தோடு இரவு முழுக்க விடுங்கள். காலையில் முதலில் மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். கழற்றாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் தேங்கியிருந்தால் பிஸ்டன் அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பற்றவைக்கும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பிளக் துளைகளுக்கு நேராக ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்து, ஸ்டார்ட்டரைச் சில விநாடி சுற்றுங்கள். எந்தத் துளையிலிருந்து தண்ணீர் தெறிக்கிறதோ அந்தச் சிலிண்டர்தான். கழற்றிய பிளக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு காபிப்பொடி நிறத்தில் இருந்து ஒன்று மட்டும் ஆவியில் கழுவியது போல் வெளுத்திருந்தால், அதுவும் அதே சாட்சி.

இன்னொரு சோதனை, எரிந்த வாயு கூலன்டுக்குள் வருகிறதா என்று பார்ப்பது. இதற்கென்று ஒரு நீலத் திரவம் கண்ணாடிக் குழாயோடு விற்கிறது. ரேடியேட்டர் கழுத்தில் வைத்து அங்குள்ள காற்றை அதன் வழியே உறிஞ்ச வேண்டும். கார்பன் டை ஆக்சைடு இருந்தால் பெட்ரோல் வண்டிக்கு மஞ்சளாக மாறும். கூலன்ட் அதற்குள் ஏறிவிடாமல் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள். அது கிடைக்காவிட்டால் கைவைத்தியம் இருக்கிறது: காலையில், முழுக்க ஆறிய என்ஜினில், ஸ்டார்ட் செய்த இரண்டு நிமிடத்துக்குள் மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். தண்ணீர் சூடாகி அழுத்தம் கட்ட அந்த நேரம் போதாது. அதற்குள் ஹோஸ் கல்லாக இறுகினால் அழுத்தம் சிலிண்டரிலிருந்துதான் வருகிறது. இன்னும் உறுதி வேண்டுமென்றால் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, வாட்டர் பம்ப் சுற்றாத நிலையில், மூடியைத் திறந்து வைத்து ஒரே ஒரு நிமிடம் ஓட்டுங்கள். அசையாத தண்ணீரில் விடாமல் குமிழி வந்துகொண்டே இருந்தால் சந்தேகம் வேண்டாம். ஒரு நிமிடத்துக்கு மேல் பம்ப் இல்லாமல் ஓட்டாதீர்கள்.

கம்ப்ரஷன் டெஸ்டும் (ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கட்டுகிறது என்று அளப்பது) எடுக்கலாம். சிலிண்டர்களுக்குள் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் மட்டும் குறைந்தால் அவற்றுக்கு இடையே கேஸ்கெட் போயிருக்கிறது. ஆனால் மயிரிழைக் கசிவு இதில் தெரியவே தெரியாது. கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது, ஆகவே கேஸ்கெட் நல்லது என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

இரண்டு விஷயத்துக்கு மட்டும் பயப்படாதீர்கள். ஒன்று, வேலை முடிந்த புதிதில் வரும் வெள்ளைப் புகை. ஹெட் திறந்திருந்தபோது சைலன்சருக்குள் இறங்கிய கூலன்ட் காயும் வரை அது வரும். மற்றது, ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மோர் போன்ற படலம். குட்டிக் குட்டி ஓட்டமாக ஓடும் வண்டியில் வெறும் ஈரக்காற்றே அதை உண்டாக்கும். ஆயில் கம்பியில் மோர் நிறம் தெரிந்தால்தான் கவலை. ஒரு இரவு வண்டியை நிறுத்திவைத்து, காலையில் அடியில் ஆயில் வடிக்கும் போல்ட்டை மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் கனமானது, அடியில் தங்கும், ஆயிலுக்கு முன்னால் அதுதான் சொட்டும். அப்படிச் சொட்டினால் வண்டியை நகர்த்தாதீர்கள், பேரிங் எல்லாம் போய்விடும்.

இவ்வளவும் பார்த்து, கேஸ்கெட்தான் என்று நிரூபணமாகிவிட்டால், சரி, இறக்குங்கள். ஆனால் முதல் முறை ஏன் நிற்கவில்லை என்று கண்டுபிடிக்காமல் இன்னொரு கேஸ்கெட் வைத்தால் மூன்றாவதுக்கும் தயாராக வேண்டியதுதான். நம் ஊர் வழக்கம், ஹெட்டை மட்டும் லேத்துக்கு அனுப்புவது. பிளாக்கின் முகத்தை யாரும் அளப்பதில்லை. நேர்விளிம்புச் சட்டத்தைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பார்க்க வேண்டும். 0.05 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது, ஹெட்டுக்கும் இதே கணக்கு. பழைய கேஸ்கெட்டைச் சுரண்ட கிரைண்டரில் தாள் மாட்டித் தேய்த்திருந்தால் பிளாக்கில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழுந்திருக்கும். அது ஃபீலர் கேஜுக்குத் தெரியும்.

போல்ட் துளைகளையும் கவனியுங்கள். உள்ளே ஆயிலோ கூலன்டோ தேங்கியிருந்தால் போல்ட் அதன் மேல் போய் முட்டி நிற்கும். டார்க் ரென்ச் (முடுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) "கிளிக்" என்று சொல்லும், ஆனால் ஹெட் இறுகியிருக்காது. கம்ப்ரஸர் காற்றடித்துக் காய வைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். முடுக்குவது நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று தவணையில், மேனுவலில் போட்ட அளவுக்கு. "கைப்பழக்கத்தில் தெரியும்" என்று சொல்லும் மெக்கானிக் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் ஹெட் போல்ட் விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முடுக்கிய பிறகு கோணம் கணக்கிட்டு மேலும் திருப்பச் சொல்லும் புதிய என்ஜின்களில், போல்ட் ஒருமுறை இழுபட்டால் முடிந்தது, புதிதுதான் போட வேண்டும்.

கடைசியாக ஹெட்டிலேயே வெடிப்பு இருக்கிறதா என்பது. நன்றாகச் சூடான அலுமினிய ஹெட்டில் இரண்டு வால்வுக்கு நடுவே மயிரிழை வெடிப்பு விழும். ஃபேசிங் செய்த முகம் பளபளவென்று இருக்கும், வெடிப்பு உள்ளேயே இருக்கும். தண்ணீர்ப் பாதைகளை அடைத்து, காற்றேற்றி, வெந்நீர்த் தொட்டியில் முக்கிப் பார்க்கும் பட்டறையில் கொடுங்கள். இந்தச் சோதனை இல்லாமல் ஃபேசிங் மட்டும் செய்வது பாதி வேலை.

நடுவில் யாராவது மஞ்சள் தூளை ரேடியேட்டரில் போடச் சொல்வார்கள். லாரி டிரைவர்களின் பழைய வித்தை அது, வேலையும் செய்யும். நடுக்காட்டில் மாட்டிக்கொண்டால் நானும் போடுவேன். மஞ்சள் ஊறி உப்பி ஊசித் துளையை அடைக்கிறது. கூடவே ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும் என்பதால், ஊருக்கு வந்து சேர்ந்ததும் முழுக்கக் கழுவிவிட வேண்டும். கடையில் விற்கும் லீக் அடைக்கும் மருந்துகளுக்கும் இதே கதைதான்.

சோதனை முடியும் வரை வண்டியை எடுக்க வேண்டியிருந்தால் ஊருக்குள் மட்டும் ஓட்டுங்கள், இரண்டு லிட்டர் கூலன்ட் டிக்கியில் இருக்கட்டும். முள் நடுவில் நிற்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அந்த சென்சார் தண்ணீரில் முங்கியிருந்தால்தான் உண்மையைச் சொல்லும். தண்ணீர் இறங்கி அது வெறும் ஆவியில் நிற்கத் தொடங்கினால் முள் கீழே போய்விடும். ஓட்டிக்கொண்டிருக்கும்போது முள் திடீரென்று இறங்கினால் உடனே ஓரங்கட்டி என்ஜினை அணையுங்கள். குறைந்தது அரை மணி நேரம் மூடியைத் தொடாதீர்கள்.